டேங்கர் லாரியும் தளும்பும் சரக்கும்

டேங்கர் லாரிகளின் தொட்டி சிலவற்றில் முழு உருளையாகவும் சிலவற்றில் நீள்வட்டமாகவும் இருப்பது ஏன், முழுக்க நிறைந்த வண்டியைவிடப் பாதி நிறைந்த வண்டியே அபாயமானது என்று சொல்வது உண்மையா, வண்டியின் பின்புறம் ஆரஞ்சு நிறப் பலகையில் எழுதியிருக்கும் எண்களுக்கு என்ன பொருள் என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். திரவம் ஏற்றும் தொட்டிகளைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் தொட்டியின் வடிவம், உள்ளே இருக்கும் தகடுகள், மேலே இருக்கும் மூடி என எல்லாவற்றுக்கும் காரணம் தானாகப் புலப்படும்.

சிமெண்ட் மூட்டையை ஏற்றி இறுக்கக் கட்டிவிட்டால் அது வண்டியின் ஓர் உறுப்பாகிவிடுகிறது. வண்டி நின்றால் அதுவும் நிற்கும், வண்டி திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். திரவத்தை அப்படிக் கட்டிவைக்க முடியாது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது சக்கரங்கள் நிற்கின்றன, தொட்டியின் சுவர் நிற்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் திரவம் முன்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. தடுப்பு எதுவும் இல்லாத 10 மீட்டர் நீளத் தொட்டியில் 1 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஆழத்தில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் வேகத்தில் நகரும். பின் சுவரிலிருந்து முன் சுவரை அடைய அதற்கு 3 நொடிக்குச் சற்று மேல் ஆகும். சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டோம் என்று ஓட்டுநர் மூச்சுவிடும் நேரத்தில் பல டன் எடையுள்ள அலை முன் சுவரில் மோதி, நின்ற வண்டியை மறுபடி முன்னே தள்ளும். ஈரமான சாலையாக இருந்தால், பிரேக் பிடித்தபடியே வண்டி சந்திப்புக்குள் சறுக்கிச் செல்வதும் உண்டு. பிறகு அதே அலை பின்னோக்கித் திரும்பி வண்டியைப் பின்னுக்கு இழுக்கும். புதிதாக டேங்கர் ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் நாளிலேயே சொல்லப்படும் பாடம் இதுதான்: வண்டி நின்ற பிறகும் சரக்கு நிற்பதில்லை.

நிறைகுடம் தளும்பாது என்ற நம் பழமொழியை இந்தத் தொழிலில் எழுத்துக்கு எழுத்து உண்மையாகக் கொள்ளலாம். விளிம்புவரை நிறைந்த தொட்டியில் திரவம் நகர இடமில்லை. அடியில் கொஞ்சமே இருந்தால் நகர்ந்தாலும் அதன் எடை குறைவு. எடையும் இருந்து, ஓடுவதற்கு இடமும் இருக்கிற நடுநிலையில்தான் தளும்பலின் வலிமை உச்சத்தை அடைகிறது. ஆகவே உங்கள் கேள்விக்கு நேரான விடை: ஆம், பாதி நிறைந்த வண்டியை ஓட்டுவதுதான் கடினம். அபாயகரமான பொருள்களைச் சாலைவழி கொண்டுசெல்வதற்காக ஐரோப்பிய நாடுகள் உள்ளிட்ட பல நாடுகள் பின்பற்றும் ஏ.டி.ஆர். ஒப்பந்தம் இதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறது. 7,500 லிட்டருக்கு மேற்படாத பகுதிகளாகத் தடுக்கப்படாத தொட்டி என்றால் அதில் திரவத்தைக் கொள்ளளவில் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், அல்லது 20 விழுக்காட்டுக்கு மிகாமல் ஏற்ற வேண்டும். இடைப்பட்ட அளவு கூடாது. தேனைப் போல மிகக் கெட்டியாக, மெல்ல நகரும் திரவங்களுக்கு இதில் தளர்வு உண்டு.

ஆனால் நடைமுறையில் வண்டி எப்போதும் நிறைந்தே ஓட முடியாது. ஒரு நிலையத்தில் கொஞ்சம், அடுத்த நிலையத்தில் கொஞ்சம் என்று இறக்கிக்கொண்டே போகும் வண்டி வழியில் எங்கோ ஓரிடத்தில் பாதி நிறைந்த வண்டியாகத்தான் ஆகும். அதற்காகவே தொட்டியை அறைகளாகப் பிரிக்கிறார்கள். எரிபொருள் வண்டியின் மேலே வரிசையாகத் தெரியும் மூடிகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறைக்கு உரியவை. அறைகளுக்கு இடையே உள்ள சுவர் முழுமையாக மூடப்பட்டது, ஆகவே ஒரே வண்டியில் ஓர் அறையில் பெட்ரோலும் மற்றோர் அறையில் டீசலும் ஏற்றலாம். ஓர் அறையை முழுக்க இறக்கிவிட்டு அடுத்ததைத் தொட்டால் எந்த அறையும் பாதியில் நிற்காது. எந்த அறையை முதலில் இறக்குவது என்பதிலும் கவனம் வேண்டும். முன் அறைகளை எல்லாம் காலி செய்துவிட்டுப் பின்னறையில் மட்டும் சரக்கோடு ஓடினால் முன் சக்கரங்களின் மீது பாரம் குறைந்து ஸ்டீயரிங் பிடிமானம் தளர்ந்துவிடும்.

ஒரே திரவத்தை ஏற்றும் பெரிய தொட்டிகளில் முழுச் சுவருக்குப் பதிலாகத் தடுப்புத் தகடுகளை வைக்கிறார்கள். இவற்றின் நடுவே ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளையும், அடியிலும் மேலேயும் சிறு திறப்புகளும் இருக்கும். திரவம் மெதுவாகக் கடக்கலாம், அலையாகப் பாய முடியாது. மேலே சொன்ன 10 மீட்டர்த் தொட்டியை நான்காகத் தடுத்தால் அலை ஒருமுறை போய்த் திரும்பும் காலம் ஆறரை நொடியிலிருந்து 2 நொடிக்கு இறங்கிவிடும். மோதும் நீரின் அளவும் நான்கில் ஒன்றாகக் குறையும். சோதனைக்காகத் தொட்டிக்குள் இறங்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்தத் தகடுகளின் ஓரப் பற்றவைப்பைத்தான். ஒவ்வொரு பிரேக்குக்கும் அடிவாங்குகிற இடம் அது. மயிரிழை போன்ற விரிசல் முதலில் அங்கேதான் விழும். மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய எண்ணெயைத் தடவித் துடைத்துவிட்டுச் சுண்ணாம்புப் பொடியைப் பூசினால், விரிசலுக்குள் தங்கிய எண்ணெய் கசிந்து வெள்ளைப் பூச்சின் மேல் ஒரு கறுத்த கோடாகத் தெரியும். மிகப் பழைய முறைதான், ஆனாலும் கண்ணுக்குத் தப்பியதை அது பலமுறை காட்டிக்கொடுத்திருக்கிறது.

இந்தத் தகடுகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருப்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். வண்டியின் குறுக்கே நிற்கும் தகடு முன்னும் பின்னும் பாயும் அலையைத்தான் தடுக்கும். இடவலமாக ஆடும் அலையை அது தடுக்காது. வளைவில் திரும்பும்போதும் திடீரென்று தடம் மாறும்போதும் எழுவது இந்தப் பக்கவாட்டு அலைதான். ஏறத்தாழ 2 மீட்டர் அகலமுள்ள தொட்டி பாதி நிறைந்திருக்கையில் பக்கவாட்டு அலை ஒன்றரை நொடிக்குச் சற்று மேலான காலத்தில் போய்த் திரும்பும். முன்னே ஒருவர் குறுக்கே வந்துவிட்டார் என்று ஓட்டுநர் ஸ்டீயரிங்கை வலப்புறம் வெட்டி உடனே இடப்புறம் திருப்பவும் ஏறத்தாழ அதே அளவு காலம்தான் ஆகிறது. ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு இசைவாகத் தள்ளினால் எப்படி உயர உயரப் போகுமோ அப்படி, இரண்டாவது வெட்டில் வண்டியின் சாய்வும் அலையின் மோதலும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. உள்ளே தகடுகள் இருக்கின்றன என்ற தைரியத்தில் வளைவுகளை வேகமாக எடுக்கிற ஓட்டுநருக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

கவிழ்வதற்கு அலை மட்டுமே காரணம் என்றும் இல்லை. தொட்டி சக்கரங்களுக்கு மேலே உயரமாக அமர்ந்திருப்பதால் முழுவதும் நிறைந்த வண்டியின் எடைமையமும் உயரமாகவே இருக்கும். தொட்டி வண்டிகளின் கவிழாத் தன்மையைச் சோதிக்க ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 111ஆம் எண் விதி ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது: சரக்கு ஏற்றிய வண்டியைச் சாய்மேடையில் நிறுத்தி இருபுறமும் 23 டிகிரிவரை சாய்க்கும்போது அது கவிழக் கூடாது. அந்த 23 டிகிரியைச் சாலைக்கு மாற்றிப் பார்த்தால், புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 0.42 பங்கு பக்கவாட்டு விசை என்று ஆகும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் 0.25 பங்கு விசை எழும். 50 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் அது 0.39 ஆகிவிடும். வேகமானியில் 10 கிலோமீட்டர்தான் கூடியது, ஆனால் நிம்மதியான நிலையிலிருந்து கவிழும் எல்லைக்கு அருகே வண்டி வந்துவிட்டது. வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்ற கணக்கு கார் ஓட்டும்போது நமக்கு உறைப்பதில்லை, ஏனென்றால் காருக்கு இந்த எல்லை வெகு தொலைவில் இருக்கிறது.

இனி வடிவம். எடைமையத்தைத் தாழ்த்த வேண்டுமானால் தொட்டியை அகலமாகவும் தட்டையாகவும் செய்ய வேண்டும், நீள்வட்டம் அதற்குத்தான். பெட்ரோல், டீசல், தண்ணீர், சமையல் எண்ணெய் போன்றவை சாதாரண வளிமண்டல அழுத்தத்திலேயே இருப்பவை என்பதால் அவற்றுக்கு இந்த வடிவம் போதும். அதே நேரத்தில் திரவம் பக்கவாட்டில் ஓட அகலமான இடம் கிடைத்துவிடுகிறது என்பது இதன் குறை. எரிவாயு போன்று அழுத்தத்தில் அடைக்கப்படும் பொருளுக்கு நீள்வட்டம் ஒத்துவராது. உள்ளழுத்தம் எந்தப் பாத்திரத்தையும் உருண்டையாக்கவே முயலும். காற்றடைக்கும்போது சப்பையாகக் கிடந்த ரப்பர்க் குழாய் உருண்டு திரள்வதைப் பார்த்திருப்பீர்கள். முதலிலேயே வட்டமாகச் செய்துவிட்டால் சுவர் முழுவதும் ஒரே சீரான இழுவிசையைத் தாங்கும், எங்கும் வளையாது. அதனால்தான் எரிவாயு ஏற்றும் புல்லட் டேங்கர் கச்சிதமான உருளையாக, இரு முனைகளும் கிண்ணம்போல் குவிந்து, தடித்த எஃகால் செய்யப்பட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தே ஒரு வண்டி அழுத்தம் தாங்குவதா இல்லையா என்று சொல்லிவிடலாம்: முனை தட்டையாக இருந்தால் அழுத்தம் இல்லை, அரைக்கோளமாகப் புடைத்திருந்தால் உண்டு.

தொட்டியின் பருமனைத் தீர்மானிப்பது அடர்த்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோ எடை இருக்கும், டீசல் அதைவிடச் சற்றுக் கூடுதல், பால் ஒரு கிலோவுக்குச் சிறிது மேல், அடர் கந்தக அமிலமோ 1.84 கிலோ. சாலை தாங்கும் எடைக்கு வரம்பு உண்டு என்பதால் ஒரே அளவு சக்கரங்கள் உள்ள இரண்டு வண்டிகளில் பெட்ரோல் வண்டியின் தொட்டி பெருத்தும் அமில வண்டியின் தொட்டி மெலிந்தும் தோன்றும். பெரிய தொட்டி ஒன்றில் அமிலத்தைப் பாதியளவு ஊற்றிக்கொண்டு போகலாமே என்று கேட்பவர்களுக்கு, தளும்பலைப் பற்றி மேலே சொன்னதே விடை.

தொட்டி எந்த உலோகத்தால் ஆனது என்பது தனி உலகம். எரிபொருள் வண்டிகளுக்கு எடை குறைவான அலுமினியக் கலவையும், பாலுக்கும் உணவுப் பொருள்களுக்கும் துருப்பிடிக்காத எஃகும் பொருத்தமானவை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஃகைத் தின்றுவிடும் என்பதால் உள்ளே ரப்பர் பூச வேண்டும். வியப்பூட்டுவது கந்தக அமிலம்தான். செறிவு மிகுந்த கந்தக அமிலத்தைச் சாதாரண எஃகுத் தொட்டியிலேயே கொண்டுசெல்லலாம். அமிலம் பட்டதும் சுவரின் மேல் இரும்பு சல்பேட் ஒரு மெல்லிய படலமாகப் படிந்து, அடியில் இருக்கும் எஃகைக் காக்கிறது. நீர் கலந்து செறிவு குறைந்தால் அந்தக் காப்பு கரைந்துபோய், அதே அமிலம் அதே எஃகை அரிக்கத் தொடங்கும். அமிலத்தை இறக்கிய பிறகு மூடியைச் சரியாக மூடாமல் விட்ட ஒரு வண்டியில், காற்றின் ஈரத்தைச் சுவரில் ஒட்டியிருந்த மிச்ச அமிலம் உறிஞ்சி நீர்த்துப்போய், மூடியைச் சுற்றிய கழுத்துப் பகுதி மட்டும் காகிதத் தடிமனுக்குத் தேய்ந்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். தொட்டியின் அடிப்பகுதியோ புதிதுபோல் இருந்தது.

திரவம் நகர்வது போலவே விரியவும் செய்யும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் பெட்ரோல் ஆயிரத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு விரிகிறது. அதிகாலைக் குளிரில் 12,000 லிட்டர் ஏற்றிய வண்டி, உச்சிவெயிலில் பெட்ரோல் 10 டிகிரி சூடேறியிருந்தால் 120 லிட்டர் அளவுக்குக் கூடுதலாக இடம் கேட்கும். திரவங்களை எளிதில் அமுக்க முடியாது. இடம் இல்லாவிட்டால் அவை எஃகையே பிளக்கும். எனவே நிறைகுடமும் முழுக்க நிறைந்துவிடக் கூடாது. மேலே கொஞ்சம் காலியிடம் விட்டாக வேண்டும். திரவமாக்கிய எரிவாயு பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு விரியக்கூடியது என்பதால் அதைத் தொட்டியில் சுமார் 85 விழுக்காட்டுக்கு மேல் நிரப்புவதில்லை.

இந்த இடத்தைச் சிறிய விஷயமாக எண்ணியதன் விலையை 1978ஆம் ஆண்டு ஜூலை 11 அன்று ஸ்பெயின் கொடுத்தது. திரவமாக்கிய புரொப்பிலீன் என்ற தீப்பற்றும் வாயுவை ஏற்றிய வண்டி ஒன்று லாஸ் அல்ஃபாக்கெஸ் என்ற கடற்கரை முகாமை ஒட்டிய சாலையில் சென்றுகொண்டிருந்தது. ஏறத்தாழ 19 டன் மட்டுமே ஏற்றத் தக்க தொட்டியில் 23 டன்னுக்கும் மேல் ஏற்றியிருந்தார்கள். மிகையான அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அதில் பொருத்தப்பட்டிருக்கவில்லை. கோடை விடுமுறைக்கு வந்தவர்கள் நிறைந்திருந்த முகாமின் அருகே தொட்டி பிளந்து தீப்பற்றியதில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நிரப்பும் அளவு, பாதுகாப்பு வால்வு, வண்டி செல்லும் பாதை ஆகிய மூன்றையும் பற்றிப் பயிற்சி வகுப்புகளில் பேசும்போதெல்லாம் இந்த ஒரு விபத்தைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

மிகக் குளிர்ந்த திரவங்களின் வண்டிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் கொதிக்கும். இவற்றை அழுத்தம் காப்பதில்லை, குளிர்தான் காக்கிறது. ஒரு தொட்டிக்குள் இன்னொரு தொட்டியை வைத்து, இடையிலிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் வெப்பம் உள்ளே புகும் வழி அடைபடும். நாம் காபி ஊற்றிவைக்கும் பிளாஸ்க்கின் தத்துவமேதான். தார் வண்டிக்கோ நேர் எதிரான கவலை: ஏறத்தாழ 150 டிகிரிக்கும் மேலான சூட்டில் வைத்தால்தான் தார் குழாயில் ஓடும். அந்தச் சூட்டில் ஒரு வாளித் தண்ணீர் அடியில் தங்கியிருந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேல் விரிந்து, தாரை நுரையாக்கி மேல் மூடி வழியாகப் பீறிடச் செய்யும். தார் ஏற்றுவதற்கு முன் தொட்டி உலர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு சடங்காகக் கருதக் கூடாது.

பால் வண்டிகளில் தடுப்புத் தகடுகளே இல்லாமல் இருப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கே ஒரு பாதுகாப்பை விட்டுக்கொடுத்து மற்றொன்றைப் பெறுகிறார்கள். தகடு இருக்கும் இடமெல்லாம் மூலை இருக்கும். மூலை இருக்கும் இடமெல்லாம் பாலாடை தங்கும், கிருமி வளரும். ஆகவே உட்சுவர் கண்ணாடிபோல் வழுவழுப்பாக, எங்கும் தடையின்றி இருக்க வேண்டும். அதனால் ஏற்படும் தளும்பலை, வண்டியை நிறைத்தே ஓட்டுவதன் மூலமும் ஓட்டுநரின் பொறுமையாலும்தான் ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. மிகத் திறமையான ஓட்டுநர்களை அமில வண்டியில்தான் அமர்த்த வேண்டும் என்று பலரும் நினைப்பார்கள். பாதி நிறைந்த பால் வண்டியை மலைப்பாதையில் இறக்குகிறவரும் அதற்குச் சற்றும் குறையாத திறமை உள்ளவர் என்பது என் கருத்து.

அப்படிப்பட்ட பால் தொட்டி ஒன்றைக் கழுவும்போது நிகழ்ந்த ஒன்றை நேரில் பார்த்தேன். கொதிநீரைப் பீய்ச்சிக் கழுவி முடித்ததும், தூசி விழாமல் இருக்கட்டும் என்று பணியாளர் ஒருவர் மேல் மூடியை இறுக்கிவிட்டு, உடனே உள்ளே குளிர்ந்த நீரைத் திறந்துவிட்டார். உள்ளே நிறைந்திருந்த நீராவி குளிர்ந்து நீராகச் சுருங்கியது, வெளியிலிருந்து காற்று நுழைய வழியில்லை. டம் என்ற ஒரே ஓசையுடன் தொட்டியின் மேற்பகுதி, காலியான தண்ணீர்ப் பாட்டிலை உள்ளிழுத்தாற்போல் ஒடுங்கிப்போயிற்று. வளிமண்டலம் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் எடையோடு அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதைப் பள்ளியில் படிக்கிறோம். உள்ளிருந்து அதே அளவு எதிரழுத்தம் இருப்பதால் அதை உணர்வதில்லை. உள்ளழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே 6 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள தொட்டியின் மேல் 12 டன் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். மூடியைத் திறந்துவைத்திருந்தால், அல்லது மூச்சுவிடும் வால்வு அடைபடாமல் இருந்திருந்தால், எதுவும் ஆகியிருக்காது. பெட்ரோலை இறக்கும்போதும் இதே கதிதான்: காற்று நுழையும் வழி அடைத்திருக்க, கீழே திரவம் வெளியேறினால் தொட்டி உள்நோக்கி மடங்கும்.

எரிபொருள் ஏற்றும்போது எழும் நிலைமின்சாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். குழாயில் பாயும் பெட்ரோலும் டீசலும் உராய்வினால் மின்னேற்றம் பெறுகின்றன. இவை மின்சாரத்தை எளிதில் கடத்தாதவை என்பதால் அந்த மின்னேற்றம் உடனே வடிந்துபோவதில்லை. அதனால்தான் குழாயை இணைக்கும் முன்பே எர்த் கம்பியின் கவ்வியை வண்டியில் மாட்டுகிறார்கள்; பெயிண்டின் மேலோ துருவின் மேலோ மாட்டிய கவ்வி மாட்டாததற்குச் சமம், பளிச்சென்ற உலோகத்தைக் கவ்வ வேண்டும். குழாயின் முனை திரவத்தில் மூழ்கும்வரை ஓட்டத்தின் வேகத்தை நொடிக்கு 1 மீட்டருக்குள் வைத்து, மூழ்கிய பிறகே கூட்ட வேண்டும். நிரப்பி முடித்ததும் அளவுகோலை உடனே உள்ளே விடக் கூடாது. மின்னேற்றம் வடியச் சில நிமிடங்கள் விட வேண்டும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 விழுக்காடு இருந்தால்தான் தீப்பற்றும். பெட்ரோல் நிறைந்த தொட்டியில் ஆவி மிகுந்து காற்று குறைந்திருப்பதால், உள்ளே பொறி விழுந்தாலும் பெரும்பாலும் பற்றாது. அந்தப் பெட்ரோலை இறக்கிவிட்டு, அதே அறையில் டீசலை ஏற்றுகிறோம் என்று கொள்ளுங்கள். டீசல் எளிதில் தீப்பற்றாதது என்ற எண்ணத்தில் வேகமாக ஏற்றுவார்கள். ஆனால் உள்ளே மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியை டீசல் உறிஞ்சிக்கொள்ள, அதன் அளவு குறைந்து சரியாகத் தீப்பற்றும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. வேகமாகப் பாயும் டீசலோ பொறிக்குத் தேவையான மின்னேற்றத்தைக் கொண்டுவருகிறது. பெட்ரோலை ஏற்றுவதைவிட, பெட்ரோல் இருந்த அறையில் டீசலை ஏற்றும்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும். இன்று அடிவழியாக ஏற்றும் முறை பரவியிருப்பதும், வெளியேறும் ஆவியை இன்னொரு குழாயில் திருப்பி அனுப்புவதும் இந்த அபாயத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன. அடிவழி ஏற்றும் வண்டிகளில் அடிவால்வு தொட்டியின் உட்புறத்தில் அமர்ந்திருக்கும்; வெளிக்குழாயில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான வளையத்தை வெட்டி வைத்திருப்பார்கள். மோதலில் குழாய் அந்த இடத்தில் முறிந்து விழுந்தாலும் உள்ளிருக்கும் வால்வு மூடியபடியே நிற்கும்.

காலி வண்டி அபாயமற்றது என்ற எண்ணமும் இதே காரணத்தால் தவறானது. இறக்கி முடித்த பெட்ரோல் தொட்டியில் திரவம் இல்லை, ஆவி இருக்கிறது. திறந்து மூடியதில் காற்றும் கலந்திருக்கிறது. ஒரு சிறு ஏணிப்படியைப் பற்றவைப்பதற்காக, கழுவாத தொட்டியின் மேல் வெல்டிங் பொறியைக் கொண்டுபோய் உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு. ஆவியை முற்றிலும் அகற்றி, வாயு அளவியால் உறுதிசெய்த பிறகே தீயை அருகில் கொண்டுவர வேண்டும். தொட்டிக்குள் இறங்குவதற்கு முன் ஆக்சிஜன் அளவையும் பார்க்க வேண்டும்; நைட்ரஜன் நிரப்பிய தொட்டியில் எந்த மணமும் இருக்காது, இறங்கியவர் எச்சரிக்கை எதுவும் இன்றி மயங்கி விழுவார், காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் அவர் மேலேயே விழுவார்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஆரஞ்சு பலகையில் மேலே இருப்பது அபாயத்தின் தன்மையைச் சொல்லும் எண். கீழே இருக்கும் நான்கு இலக்கம் அந்தப் பொருளுக்கு ஐக்கிய நாடுகள் முறையில் தரப்பட்ட எண். மேல் எண்ணில் 2 என்றால் வாயு, 3 என்றால் தீப்பற்றும் திரவம், 5 என்றால் எரிதலைத் தூண்டுவது, 6 என்றால் நச்சு, 8 என்றால் அரிப்பது. ஒரே இலக்கம் இரட்டித்து வந்தால் பொதுவாக அந்தத் தன்மை கடுமையானது என்று பொருள். பெட்ரோலுக்கு மேலே 33, கீழே 1203. டீசலுக்கு 30, 1202. கந்தக அமிலத்துக்கு 80, 1830. சமையல் எரிவாயுக்குப் பெரும்பாலும் 23, 1965 அல்லது 1075. இரட்டை 2 மட்டும் ஒரு விதிவிலக்கு, அது குளிரூட்டித் திரவமாக்கிய வாயுவைக் குறிக்கும். எனவே திரவ ஆக்சிஜன் வண்டியில் 225, 1073 என்று பார்ப்பீர்கள். எண்ணுக்கு முன் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால் அந்தப் பொருளின் மேல் தண்ணீர் படவே கூடாது. பாலுக்கும் சமையல் எண்ணெய்க்கும் இந்தப் பலகை கிடையாது. எரிபொருளை இறக்கிய பிறகும், தொட்டியைக் கழுவி ஆவியை அகற்றும்வரை பலகையை மூடவோ கழற்றவோ கூடாது என்பது விதி. காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

இந்த எண்களைத் தெரிந்துகொள்வதால் சாலையில் செல்லும் ஒருவருக்கு என்ன பயன் என்றும் நீங்கள் நினைக்கலாம். 2017ஆம் ஆண்டு ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமதுபூர் ஷர்கியா அருகே பெட்ரோல் வண்டி ஒன்று கவிழ்ந்தது. வழிந்தோடிய பெட்ரோலைக் குடங்களிலும் கேன்களிலும் பிடிக்கச் சுற்றுவட்டார மக்கள் திரண்டிருந்த நேரத்தில் அது பற்றியெரிந்து 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே கலைந்துபோகாமல் தரையோடு தரையாகப் பரவிப் பள்ளங்களில் தேங்கும், நெடுந்தொலைவில் இருக்கும் ஒரு சிறு கனல்கூட அதைப் பற்றவைத்துவிடும். கவிழ்ந்த வண்டியின் பலகையில் 1203 என்று கண்டால் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக விலகுங்கள். செல்பேசியில் பேசுவதையும் தொலைவுக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். வட அமெரிக்க நாடுகளின் தீயணைப்போர் பயன்படுத்தும் அவசரகால வழிகாட்டி, தீப்பற்றிய பெட்ரோல் வண்டியிலிருந்து எல்லாத் திசைகளிலும் 800 மீட்டர் விலகச் சொல்கிறது. பலகையில் 1075 என்று இருந்து தொட்டியைத் தீ சூழ்ந்திருந்தால் அந்தத் தொலைவு 1,600 மீட்டர்.